மாதிரி நீராவி எஞ்சினில் மலிவு விலை சவுண்ட் டிகோடர்: பழுது தேடும் முழு வழிகாட்டி

"எஞ்சின் ஓடுது, சத்தம் மட்டும் விட்டு விட்டு வருது." "விசில் அடிக்குது, ஆனா நகரமாட்டேங்குது." "குப் குப் சத்தம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்." மலிவு விலை சவுண்ட் டிகோடர் (மாதிரி எஞ்சினுக்குள் மோட்டரையும் சத்தத்தையும் இயக்கும் சின்னச் சுற்றுப்பலகை) வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றிலும் பழி டிகோடர் மேல்தான் விழுகிறது. உண்மையில் கோளாறு பல தடவைகளில் தண்டவாளத்தில் இருக்கும், சக்கரத்தின் பின்னால் உரசும் தகட்டில் இருக்கும், டெண்டருக்கு (எஞ்சினின் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) போகும் மயிரிழை வயரில் இருக்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். தண்டவாளத்தில் தொடங்கி, டிகோடரைக் கடைசியாகத் தொடுவதுதான் ஒழுங்கு.

இலங்கை மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்குப் போய் இன்னொரு டிகோடர் வாங்கிவர முடியாது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வர வேண்டும், சுங்க வரியும் கட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒன்றை எரித்துவிட்டால் எஞ்சின் அலுமாரியில் ஏறிவிடும்.

இங்கே சொல்வது டிசிசி முறையில் (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் முறை) ஓடும் ஓஓ (76இல் ஒரு பங்கு), எச்ஓ (87இல் ஒரு பங்கு) அளவு எஞ்சின்களுக்கு. ஹோர்ன்பியின் டிடிஎஸ், சவுண்ட்ட்ராக்ஸின் எக்கோனமி மாதிரியான குறைந்த விலை வகைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். விலை கூடிய இஎஸ்யூ லொக்சவுண்ட், சிமோ வகைகளுக்கும் முதல் நான்கு படிகள் அப்படியே பொருந்தும்.

தொடும் முன்

தொடர்ச்சியைச் சோதிக்கும்போது பீப் அடிக்கும் மல்டிமீட்டர் ஒன்று, நுனி மெல்லிய சொல்டரிங் அயன், ஐசோபுரோப்பைல் அல்கஹோல், பஞ்சுக்குச்சி, வெப்பம் தாங்கும் கப்டன் டேப், ஒரு கொப்பி. இவ்வளவும் போதும். எல்லாமே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து டவுனில் போன் திருத்தும் கடைக்காரரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பீக்கர் விஷயத்திலும் அவர் உதவுவார்.

சிவி என்பது டிகோடருக்குள் சேமித்திருக்கும் அமைப்பு எண். கொப்பியில் முதலில் எழுத வேண்டியது சிவி 8இன் எண். அது தயாரிப்பாளரின் அடையாளம்: இஎஸ்யூ என்றால் 151, சிமோ 145, சவுண்ட்ட்ராக்ஸ் 141, லென்ஸ் 99. கைமாறி வந்த எஞ்சினுக்குள் என்ன டிகோடர் இருக்கிறது என்று தெரியாதபோது இந்த ஓர் எண்ணே பாதி வேலையை முடித்துவிடும். அடுத்ததாக, முகவரி (கொன்ட்ரோலர் எஞ்சினை அழைக்கும் எண்), வேகம் போன்றவற்றைத் தீர்மானிக்கும் சிவி 1, 3, 4, 5, 19, 29 ஆகியவற்றின் இப்போதைய எண்களைக் குறியுங்கள். கணினி இருந்தால் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் வாசித்துச் சேமித்து வைக்கலாம்.

படி 1: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிரியுங்கள்

எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுங்கள். சத்தம் அறுந்து, நீராவி எழுப்பும் தொடக்கச் சத்தத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தால் டிகோடருக்கு ஒரு கணம் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். மோட்டர் நிற்காமல் ஓடியிருக்கலாம். உள்ளே இருக்கும் பறப்புச்சக்கரம் அந்தக் கணத்தைத் தாண்டி உருட்டிவிடும், சத்தச் சிப்புக்கு அந்த வசதி கிடையாது. சத்தமில்லாத டிகோடரில் ஒளிந்திருந்த அழுக்கை சவுண்ட் டிகோடர் காட்டிக்கொடுக்கிறது. புதிதாகச் சவுண்ட் பொருத்தியவர்கள் "நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்பது இதனால்தான். அப்படியானால் படி 2, 3.

சத்தம் அறாமல் வருகிறது, ஆனால் கிழிந்த மாதிரி கரகரக்கிறது என்றால் படி 5. சத்தமே இல்லாமல் எஞ்சின் மட்டும் ஓடினால் முதலில் பொத்தான்களைப் பாருங்கள். டிடிஎஸ்ஸிலும் பல ஐரோப்பிய டிகோடர்களிலும் எஃப்1 அழுத்தினால்தான் சத்தம் தொடங்கும். சவுண்ட்ட்ராக்ஸில் எஃப்1 மணி, எஃப்8 ஊமையாக்கும் பொத்தான். கை தவறி எஃப்8 பட்டதற்காக ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம்.

விசில், மணி எல்லாம் வேலை செய்கிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றால் நேரே படி 6க்குப் போங்கள்.

படி 2: தண்டவாளம்

நானுஓயா, நுவரெலியா, பட்டிப்பொல பக்கம் வருடத்தில் பாதி நாள் மூடுபனி. சுவர் வியர்க்கும் அறையில் தண்டவாளம் மட்டும் காய்ந்திருக்குமா? நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் மங்கலான படலம் ஏறும். வீட்டில் விறகடுப்பு இருந்தால் புகைக்கரியும் அதில் சேரும். கரட்டுத் தாளால் தேய்க்காதீர்கள். அது விடும் கீறல்களில் அடுத்த கிழமையே அழுக்கு இன்னும் பலமாகப் பிடிக்கும். பஞ்சில் அல்கஹோல் நனைத்து, பஞ்சு கறுக்காமல் வரும் வரை துடைப்பதே நல்லது.

பிறகு நாணயச் சோதனை. கொன்ட்ரோலரிலிருந்து அதிக தூரத்தில் உள்ள இடத்தில் பத்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். கொன்ட்ரோலர் உடனே கரண்டைத் துண்டிக்க வேண்டும். தயங்கினாலோ, துண்டிக்காமலே இருந்தாலோ இணைப்புத் தகடுகளில் கரண்ட் விழுங்கப்படுகிறது. நாணயத்தை உடனே எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு மேசைக்கு அடியிலிருந்து தனி வயர் கொடுங்கள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்தால் ஓஓ பாதையில் 14, 15 வோல்ட் அளவில் காட்டும். சாதாரண மீட்டர் டிசிசி அலையைச் சரியாக அளக்காது. ஆனாலும் அருகில் உள்ள இடத்துக்கும் தூரத்து இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது தூரத்தில் ஒரு வோல்டுக்கு மேல் விழுந்தால் வயரைக் கவனியுங்கள்.

படி 3: சக்கரத்திலிருந்து டிகோடர் வரை

நீராவி எஞ்சின்களின் பலவீனமான இடம் இதுதான். டீசல் மாதிரியில் இரண்டு போகிகளும் கரண்ட் எடுக்கும். நீராவியில் பல நேரம் ஓட்டுச் சக்கரங்கள் மட்டுமே எடுக்கும், அதிலும் ஒன்றில் இழுவைக்காக ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள்.

எஞ்சினை மெத்தென்ற துணியில் மல்லாத்திவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஒரு சக்கரத்திலும் மறுமுனையை டிகோடரின் சிவப்பு வயர் சேரும் இடத்திலும் வையுங்கள். சிவப்பு வலப்பக்கத் தண்டவாளம், கறுப்பு இடப்பக்கம். சக்கரத்தை விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பீப் அறாமல் கேட்க வேண்டும். ஒரு மூலையில் அறுந்தால் சக்கரத்தின் பின்பக்கம் அழுக்கு, அல்லது உரசும் தகடு வளைந்து தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தமாகப் பார்த்தால் ஒரு நல்ல சக்கரம் மற்ற எல்லாக் கெட்ட சக்கரங்களையும் மறைத்துவிடும்.

டிகோடரும் ஸ்பீக்கரும் டெண்டரில் இருந்தால், எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையில் ஓடும் வயர்களைச் சந்தேகியுங்கள். வளைவுக்கு வளைவு அவை மடிகின்றன. பாதை தன் அடியிலேயே சுற்றிப் போகும் தெமோதரை வளையத்தைச் செய்து பார்க்க ஆசைப்பட்டு இறுக்கமான வளைவு போட்டவர்கள் மேசைகளில் இந்த வயர்தான் முதலில் போகும். மேல் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். மீட்டரை இரு முனையிலும் பிடித்தபடி டெண்டரை இடமும் வலமும் மடித்துப் பாருங்கள். மாற்றும்போது மெல்லிய இழைகள் கூடிய மிருதுவான வயரையே போடுங்கள்.

டெண்டர் சக்கரங்களிலும் கரண்ட் எடுக்கும் தகடு பொருத்த முடியுமென்றால் பொருத்துங்கள். என் கணக்கில், சவுண்ட் எஞ்சினுக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறில்லை.

படி 4: மோட்டர் தனியாக நிற்கிறதா?

டிகோடரைக் கொல்லும் முதல் காரணம் இது. பழைய டிரையாங், ஹோர்ன்பி, லீமா எஞ்சின்களில் மோட்டரின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். டிகோடரின் செம்மஞ்சள், சாம்பல் வயர்கள் மோட்டருக்கு. அந்த இரண்டும் தண்டவாளத்தையோ சட்டத்தையோ தொடவே கூடாது. டிகோடரைக் கழற்றிவிட்டு, மோட்டரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையில் மீட்டரை வையுங்கள். எங்காவது பீப் கேட்டால் அதைச் சரிசெய்யும் வரை டிகோடர் பொருத்தாதீர்கள்.

மோட்டருக்குக் குறுக்கே சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று சொல்டர் செய்திருந்தால் அதைக் கழற்றுங்கள். ரேடியோ இடைஞ்சலைத் தடுக்கப் போட்டது அது. மோட்டரின் எதிர்மின்னழுத்தத்தை வைத்து வேகத்தைக் கணிக்கும் டிகோடரை அது குழப்பிவிடும். மலிவு டிகோடரில் மெதுவான ஓட்டம் குலுங்குவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

எட்டு முள் செருகியைத் திருப்பிச் செருகியிருந்தால் பெரிய நட்டமில்லை. எஞ்சின் எதிர்த்திசையில் போகும், விளக்கு எரியாது. முதலாம் முள்ளுக்கு வருவது செம்மஞ்சள் வயர்.

எல்லாம் சரி என்று பட்டதும் நேரே பெரிய பாதையில் வைக்காதீர்கள். சிவி வாசிக்கவும் எழுதவும் மட்டும் கொன்ட்ரோலர் தரும் தனிப் புரோகிராமிங் பாதையில் கரண்ட் 250 மில்லியம்பியர் அளவில் மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பிழை இருந்தாலும் டிகோடர் தப்பும். அங்கே சிவி 1ஐ வாசிக்க முடிந்தால் பிறகு பெரிய பாதை.

படி 5: ஸ்பீக்கர்

ஸ்பீக்கரின் ஒரு வயரையாவது கழற்றிவிட்டு ஓம் அளவுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 7 ஓம் அளவில் காட்டும், 4 ஓம் என்றால் 4க்குச் சற்றுக் குறைவாக. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. 8 ஓம் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4, தொடராக இணைத்தால் 16. டிகோடரின் தாளில் சொன்னதைவிடக் குறைந்த ஓமைப் போட்டால் ஒலிபெருக்கிச் சிப்பு சூடேறிப் போய்விடும். பழைய லொக்சவுண்ட் 3.5 வகைக்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும். அதில் 8 ஓம் மாட்டி எரித்தவர்கள் நிறையப் பேர்.

ஸ்பீக்கரின் இரண்டு வயரில் எதுவும் 'எர்த்' அல்ல. இரண்டிலுமே சமிக்ஞை வரும். எது சட்டத்தில் பட்டாலும் சிப்பு போகும். வயரின் நிறத்தையும் நம்பாதீர்கள். சவுண்ட்ட்ராக்ஸில் ஊதா, இஎஸ்யூவில் பழுப்பு.

சத்தம் தகர டப்பா மாதிரி மெலிந்து கேட்டால் ஸ்பீக்கர் பெட்டியில்லாமல் நிற்கிறது. முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன. பின்பக்கத்தை காற்றுப் புகாமல் மூடிய ஒரு சின்னப் பெட்டி செய்தால் அதே ஸ்பீக்கர் வேறு ஆளாகப் பேசும். பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினால் போதும், மூலைகளில் பசை ஓட்டை விடக்கூடாது. இங்கேதான் போன் கடைக்காரர் வருகிறார். பழுதான கைபேசிகளிலிருந்து கழற்றும் சதுர ஒலிபெருக்கிகள் பலவற்றுக்குப் பெட்டியும் சேர்ந்தே இருக்கும். ஓமை அளந்து வாங்குங்கள்.

கரகரப்புக்கு மூன்று காரணங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டி சவ்வில் உரசுவது ஒன்று. சவ்வு டெண்டரின் பாரக்கட்டியில் இடிப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் அதிகம் காண்பது: சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பது. மொத்தச் சத்தத்துக்கான சிவி இஎஸ்யூவில் 63, சிமோவில் 266, சவுண்ட்ட்ராக்ஸில் 128. பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தெடுக்க விடிகாலை எழும்ப வேண்டியவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

படி 6: சிவி

இப்போதுதான் எண்களைத் தொடும் நேரம்.

விசில் வருகிறது, நகரவில்லை: சிவி 19ஐ வாசியுங்கள். இரட்டை எஞ்சின் ஓட்டத்துக்காகப் போட்ட கூட்டு முகவரி அதில் மிச்சம் இருந்தால் எஞ்சின் தன் சொந்த முகவரியில் வரும் வேகக் கட்டளையை மதிக்காது. 0 எழுதுங்கள். 0 ஆகவே இருந்தால் சிவி 3ஐப் பாருங்கள். பெரிய எண் என்றால் எஞ்சின் வேகமெடுக்க நெடுநேரம் பிடிக்கும். சில டிகோடர்கள் தொடக்கச் சத்தம் முடியும் வரை வேண்டுமென்றே நிற்கும்.

கரண்ட் போட்டதும் தானாகப் பாய்கிறது: டிகோடர் பழைய டிசி முறை என்று நினைத்துவிட்டது. சிவி 29இல் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். 6 இருந்தால் 2, நீண்ட முகவரியோடு 38 இருந்தால் 34.

வேகம் கூட்டக் கூட்ட முன்விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது: டிகோடர் வேகத்தை 14 படியாக எதிர்பார்க்கிறது, கொன்ட்ரோலர் 28 படியாக அனுப்புகிறது. சிவி 29உடன் 2ஐக் கூட்டுங்கள்.

சிவி வாசிக்கவே முடியவில்லை: டிகோடர் பதில் சொல்வது மோட்டருக்கு ஒரு கணம் கரண்ட் விட்டுத்தான். 60 மில்லியம்பியருக்குக் குறையாமல், 6 மில்லி விநாடி அளவுக்கு. சவுண்ட் டிகோடர் விழித்தெழும்போதே நிறையக் கரண்ட் கேட்பதால் பலவீனமான கொன்ட்ரோலர் அதைப் பிழை என்று நினைத்துத் துண்டிக்கும். ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகையில் டிசிசி-இஎக்ஸ் மென்பொருள் போட்டுச் சொந்தமாகக் கொன்ட்ரோலர் செய்தவர்கள் புரோக்பூஸ்ட் கட்டளை கொடுத்து அந்த வரம்பை நீக்கலாம். மற்றவர்கள் பெரிய பாதையில் வைத்தே சிவி எழுதும் முறையைப் பயன்படுத்துங்கள். வாசிக்க முடியாவிட்டாலும் எழுதப்படும்.

எதுவும் சரிவரவில்லையென்றால் சிவி 8இல் 8 எழுதினால் பல டிகோடர்கள் பிறந்த நிலைக்குத் திரும்பும், முகவரி 3 ஆகிவிடும். இதை முதல் வைத்தியமாகச் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். என்ன பிழை இருந்தது என்ற தடயமும் சேர்ந்தே அழிந்துபோகிறது.

படி 7: குப் சத்தமும் சக்கரமும்

இரண்டு உருளைகள் உள்ள நீராவி எஞ்சினில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு குப். வழக்கமான மூன்று உருளை எஞ்சினில் ஆறு. மலைப்பாதையில் ஓடிய பேயர் பீகொக் கராட் எஞ்சின்களில் 2-6-2+2-6-2 என்று இரண்டு எஞ்சின் தொகுதிகள் ஒரே கொதிகலனின் முன்னும் பின்னும் இருந்தன. ஒவ்வொன்றும் நான்கு அடிக்கும். சக்கரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முந்திப் பிந்துவதால் அந்த எட்டும் சேர்ந்தும் பிரிந்தும் கேட்கும். மலிவு டிகோடரில் இதைக் கொண்டுவர முயல வேண்டாம், நான்கோடு திருப்திப்படுங்கள்.

விலை குறைந்த டிகோடர்களில் பல, சக்கரத்தைப் பார்ப்பதில்லை. வேகத்தை வைத்து ஊகித்தே குப் அடிக்கின்றன. ஆகவே வேகத்தை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகு குப் சத்தத்துக்கு வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு தடவையும் மறுபடி முதலிலிருந்து.

வேகம் எவ்வளவு? மலைப்பாதையில் 44க்கு 1 என்ற ஏற்றம். கோச்சி அங்கே ஓடாது, ஏறும். 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதாக வைத்தால், ஓஓ அளவில் 1 மீற்றர் பாதையைக் கடக்க ஏறத்தாழ 14 விநாடி. தண்டவாளத்தின் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு, கைபேசியின் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் இதைவிட நாலைந்து மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டுக் குப் சத்தம் பொருந்தவில்லை என்கிறார்கள். ஓட்டுச் சக்கரத்தின் விட்டம் 5 அடி என்றால், 20 கிலோமீற்றரில் விநாடிக்கு நாலரை குப். 60இல் ஏறத்தாழ பதினான்கு, அந்த வேகத்தில் காது எண்ணாது. சிவி 5ஐக் குறைத்து உச்ச வேகத்துக்கு ஒரு வேலி போடுங்கள்.

பிறகு சக்கரத்தின் ஓர் ஆரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, ஆகக் குறைந்த வேகப் படியில் எஞ்சினை ஓடவிட்டுப் பத்துச் சுற்று எண்ணுங்கள். நாற்பது குப் வர வேண்டும். வராவிட்டால் குப் இடைவெளிக்கான சிவியை மாற்ற வேண்டும். இஎஸ்யூவில் 57, 58. சிமோவில் 267. மற்றவற்றுக்கு டிகோடரோடு வந்த தாளைப் பாருங்கள். மெதுவான வேகத்தில் பொருத்தினால் நடுவேகத்தில் சற்று விலகும். விலகட்டும். கண்ணும் காதும் பிழை பிடிப்பது மெதுவாக நகரும்போதுதான்.

சில மலிவு டிகோடர்களில் இந்தச் சிவியே இருக்காது, இருக்கும் ஒலியை மாற்றவும் விடாது. அதுதான் விலையில் குறைந்த பங்கு. அங்கே செய்யக்கூடியது உச்ச வேகத்துக்கும் நடு வேகத்துக்குமான சிவி 5, 6ஐ வைத்துச் சக்கரத்தைச் சத்தத்துக்குக் கிட்டக் கொண்டுவருவது மட்டும்.

கெப்பாசிட்டர் போடலாமா?

போடலாம், ஆனால் படி 2, 3 முடிந்த பிறகு. அழுக்குச் சக்கரத்துக்குக் கெப்பாசிட்டர் மருந்தல்ல. டிகோடரின் பொதுப் பிளஸ்ஸான நீல வயருக்கும் அதன் மைனஸ் புள்ளிக்கும் இடையில் 25 வோல்ட் தாங்கும் மின்பகுப்புக் கெப்பாசிட்டர், அதோடு தொடரில் 100 ஓம் ரெசிஸ்டர், அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு டையோட். நிறையும்போது ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிறையும், கொடுக்கும்போது டையோட் வழியாக உடனே கொடுக்கும். டையோடின் கோடு போட்ட முனை நீல வயரின் பக்கம் இருக்க வேண்டும். கெப்பாசிட்டரின் பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். கறுப்புத் தண்டவாள வயரை மைனஸ் என்று நினைக்கவே கூடாது, டிகோடருக்குள் இருக்கும் மைனஸ் வேறு. அந்தப் புள்ளி எங்கே என்று தயாரிப்பாளரின் வரைபடம் காட்டாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் சிவி வாசிப்பு குழம்பும், அப்போது அதைக் கழற்றிவிட்டு வாசிக்க வேண்டும்.

டிகோடரே போயிருந்தால்

கருகிய மணம், சிப்பில் கொப்புளம், மோட்டர் கழற்றியிருக்கும்போதும் சூடு, ஒரு திசையில் மட்டும் ஓடுவது ஆகியவை உண்மையான சாவின் குறிகள். நன்றாக ஓடி, நின்று, ஆறியபின் மறுபடி ஓடுவது சாவல்ல, சூட்டுப் பாதுகாப்பு. டிகோடரைச் சுருங்கும் குழாயால் முழுக்கச் சுற்றியிருந்தால் பிரித்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கப்டன் டேப் ஒட்டுங்கள். மோட்டர் இறுகி நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று 12 வோல்ட் டிசியில் ஒரு கணம் அளந்து, டிகோடரின் வரம்போடு ஒப்பிடுங்கள். பழைய மோட்டர்கள் பல அந்த வரம்பைத் தாண்டும்.

மோட்டர் பகுதி மட்டும் போய், சத்தம் இன்னும் வருகிறதென்றால் எறிந்துவிடாதீர்கள். விலை குறைந்த சாதாரண டிகோடர் ஒன்றை மோட்டருக்குப் போட்டு, பழையதை டெண்டரிலோ எஞ்சினுக்குப் பின்னால் நிரந்தரமாகக் கொளுவிய சாமான் பெட்டியிலோ சத்தத்துக்கு மட்டும் வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே முகவரி. மோட்டர் இல்லாத டிகோடரைப் புரோகிராமிங் பாதையில் வாசிக்க முடியாது என்பதால், மோட்டர் வயர் இரண்டுக்கும் குறுக்கே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்து முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். முகவரி எழுதும்போது மற்ற டிகோடர் பாதையில் இருக்கக் கூடாது.